காளிச்சாமியின் மணை

இந்தக் காலத்துப் பையன்கள் வேலைக்குப் போவதற்கு முன்னால் அந்த வேலை மனசுக்குப் பிடித்திருக்கிறதா என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்கிறார்கள். பிடிப்பதற்கு அது என்ன பணியாரமா? ஏரில் பூட்டுகிற காளை ஒருநாளாவது திரும்பிப் பார்த்து, எனக்கு உழவு பிடிக்கவில்லை, என்னை வண்டிக்கு மாற்றுங்கள் என்று சொன்னதுண்டா? மாட்டுக்கு இருக்கிற அடக்கம் மனுஷனுக்கு இல்லை. நாலு எழுத்துப் படித்துவிட்டால் போதும், மனசு என்ற ஒன்று முளைத்துவிடுகிறது. பிறகு அதைக் கேட்காமல் காலைத் தூக்கி வைக்கமாட்டார்கள்.

காளிச்சாமிக் கவுண்டர் இதைச் சொல்லாத நாள் இல்லை. கேட்க ஆள் இல்லாவிட்டால் எருமையிடம் சொல்லுவார். பீளமேட்டுக்குக் கிழக்கே, வண்டி கட்டினால் ஒரு பொழுதுக்குள் போய்வருகிற தூரத்தில் அவர் தோட்டம். பருத்தியும் சோளமும் போடுவார். யாரையும் லேசில் நம்பமாட்டார். பஞ்சாங்கத்தில் மழை என்று போட்டிருந்தால்கூட வெளியே வந்து வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் ஒப்புக்கொள்வார். பைக்காராவிலிருந்து கம்பி இழுத்துக் கரண்டு கொண்டுவந்தபோது, மலையில் விழுகிற தண்ணீர் கம்பி வழியாக வந்து கிணற்றில் இருக்கிற தண்ணீரைத் தூக்கும் என்று யாரோ அவருக்கு விளக்கினார்கள். முழுசாகக் கேட்டுவிட்டு, "அதுக்கு அந்தத் தண்ணியவே நேரா உட்டுட்டா என்ன?" என்றார்.

அவருக்கு ஒரே மகன், தம்பிதுரை. பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவன். அவனுக்காகக் காளிச்சாமி தம் வாழ்நாளில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்திருந்தார். வாய் திறந்து ஒருத்தரிடம் கேட்டிருந்தார். பக்கத்துத் தோட்டக்காரர் லட்சுமணசாமி நாயுடு பீளமேட்டில் ஒரு மில்லில் பெரிய குமாஸ்தா. ஆபீசே அவர் சொன்னபடி நடக்கும். பையனுக்கு அங்கே ஒரு நாற்காலி வேண்டும் என்று காளிச்சாமி கேட்க, நாயுடுவும் பெரிய மனசு பண்ணி, ஆயுத பூஜை கழிந்ததும் வரச் சொல்லியிருந்தார். தலைக்கு மேலே காற்றாடி. வெயில் படாது, மழை படாது. இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்?

தம்பிதுரைக்கு வேறு என்னவோ வேண்டியிருந்தது. கோயமுத்தூரில் தேவதாஸ் என்கிற வயர்மேனுடன் ஒரு வருஷம் சுற்றி மோட்டார் வேலை பழகியிருந்தான். சரி, மோட்டார் மாட்டுகிற வேலையென்றாலாவது ஒரு பேர் சொல்லலாம். இவன் அதையும் செய்வதில்லை. மற்றவர்கள் மாட்டிவிட்டுப் போன பிறகு கிணறு கிணறாகப் போய், அதை எப்படிப் போடுவது, எப்படி நிறுத்துவது, எந்தச் சத்தம் வந்தால் கையை எடுத்துவிட வேண்டும் என்று தோட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். மோட்டார் விற்கிற கடைக்காரரே இதற்காக அவனை வைத்துக்கொண்டிருந்தார். அவர் கடையில் புதிதாக விற்கிற மோட்டாரைவிடப் புகைந்துபோய்த் திரும்பி வருகிற மோட்டார் அதிகமாகிவிட்டதாம்.

ஊருக்குப் புத்தி சொல்வது ஒரு வேலையா என்று காளிச்சாமி கேட்டார். பையன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான்.

"மாட்டறவங்க மாட்டிப்போட்டுப் போயிடறாங்கப்பா. அப்பறம் அந்த மோட்டாரோட குடித்தனம் பண்றது யாருங்க?"

"உனக்கே இன்னும் குடித்தனம் இல்ல. நீ அடுத்தவன் குடித்தனத்துக்கு வழி சொல்றயா?"

இப்படி இருக்கும்போதுதான் பாப்பாயியைக் கரண்டு அடித்தது.

பாப்பாயி காளிச்சாமிக்குத் தூரத்து உறவு. புருஷன் போன பிறகு தோட்டத்தைத் தானே பார்க்கிறவள். அந்தப் பக்கத்தில் முதலில் மோட்டார் வைத்தவளும் அவள்தான். மோட்டார் வந்த அன்றே அதற்கு மூன்று பட்டை விபூதி இட்டு, பொட்டு வைத்து, அரளிப் பூச் சுற்றி, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அது மோட்டார் ரூம் இல்லை, கோயில். கோயிலுக்குள் யாராவது செருப்புப் போட்டுக்கொண்டு போவார்களா? வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய், கும்பிட்டுவிட்டுத்தான் சுவிச்சின் கைப்பிடியை இழுப்பாள். பம்பிலிருந்து கசிகிற தண்ணீர் தரையெல்லாம் நனைத்திருக்கும். சுவிச்சுப் பெட்டியோ இரும்பு. பூமிக்குள் போகிற கம்பி எப்போது தளர்ந்ததோ தெரியவில்லை. அன்றைக்கு மழை பெய்து ஓய்ந்திருந்த காலை. கைப்பிடியைத் தொட்டவளை அது தூக்கி வாசலுக்கு வெளியே, அவள் செருப்பின் மேலேயே போட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது கை மட்டும் பொழுது சாய்கிற வரைக்கும் தன்னுடையது மாதிரி இல்லை என்றாள்.

தம்பிதுரை ஓடிப்போய்க் கம்பியை முறுக்கிச் சரிசெய்தான். பிறகு தரையைக் காட்டி, பாதத்தைக் காட்டி, வெறுங்கால் ஈரத்தரையில் படுவதால்தான் கரண்டு உடம்பில் பாய்கிறது, செருப்புப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தால் பாதி ஆபத்து கழிந்துவிடும் என்று பாப்பாயிக்கும், பார்க்க வந்திருந்த தோட்டக்காரர்களுக்கும் சொன்னான். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். "ஆகட்டுங்க தம்பி" என்றார்கள். பையனுக்கு ஒரே சந்தோஷம்.

அங்கேதான் அவன் ஏமாந்தான். படித்த பையன், பாவம். நம் பக்கத்தில் யாருக்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. மனசுக்குள் எவ்வளவு முடியாதோ அவ்வளவு மரியாதையாக ஆகட்டுங்க என்பார்கள். காளிச்சாமிக்கு இது தெரியும். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்ன மகனிடம், "எத்தன பேரு ஆகட்டுங்கன்னாங்க?" என்று கேட்டார். எல்லோருமே சொன்னார்கள் என்றான். "அப்ப ஒருத்தனும் செய்யமாட்டான்" என்றார்.

அவர் சொன்னதற்கு மேலேயே நடந்தது. பாப்பாயியைத் தூக்கிப் போட்டதைப் பார்த்துவிட்டு, அந்த மோட்டாரில் ரொம்பத் துடியான சாமி இருக்கிறது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. செருப்பைக் கழற்றினால் மட்டும் போதாது, சுத்தபத்தமாக வரவேண்டும் என்று, அதுவரை சும்மா உள்ளே போனவர்கள்கூடக் கைகால் கழுவிவிட்டு ஈரக்காலோடு போக ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்த தம்பிதுரை வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்கு மகன் முகத்தைப் பார்த்த காளிச்சாமிக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. நாற்காலி கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இருந்தாலும் அவர் நியாயமான மனுஷன். ஒரு பேச்சு வைத்தார்.

"இத பாரு கண்ணு. நீ பக்கத்துல நின்னா எல்லாரும் நீ சொல்றபடிதான் செய்வாங்க. அது கணக்கில்ல. நீ இல்லாத நேரத்துல, ஒரே ஒருத்தரு, நீ சொன்ன மாதிரி செய்யட்டும். அத எங்கண்ணால பாத்துட்டா, நாற்காலி வேண்டாமுன்னு நானே நாயுடுகிட்டச் சொல்லிப்போடறேன். இல்லீன்னா பூச முடிஞ்ச மறுநா நீ ஆபீசுக்குப் போகோணும். அதுக்கப்பறம் மனசு, பிடிக்கல, அந்தப் பேச்செல்லாம் எங்காதுல விழப்படாது."

"சரிங்கப்பா" என்றான் தம்பிதுரை. ஆகட்டுங்க என்று சொல்லவில்லை. காளிச்சாமி அதைக் கவனித்தார்.

மறுநாளே கோயமுத்தூருக்கு ஆள் அனுப்பி, மகனுக்கு ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு கோட்டுத் தைக்கச் சொன்னார். மனைவி ராசாத்தாள் மட்டும், இப்போது என்ன அவசரம் என்று கேட்டாள். துணி வீணாகப் போகாது என்றார்.

தம்பிதுரை விடாமல் அலைந்தான். வீடு வீடாகப் போய் அதையே சொன்னான். கேட்டவர்கள் அவனுக்கு மோர் கொடுத்து அதே பதிலைச் சொன்னார்கள். அவனுக்கே நம்பிக்கை தேய்ந்துவிட்டது என்பது சாப்பிடும்போது தெரிந்தது. கொள்ளுப் பருப்பு ஊற்றிய களி என்றால் உயிரை விடுகிறவன், உருண்டையை விரலால் குத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

பூஜைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, போய்த்தான் பார்ப்போமே என்று காளிச்சாமி பாப்பாயி தோட்டத்துக்குப் போனார். மகனும் கூட வந்தான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டு, அந்த விபூதிப் பட்டையையும் அரளிப் பூவையும் அவர் பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் சத்தம் போடுகிறதெல்லாம் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை.

"ஏனுங்கப்பா" என்றான் மகன் மெதுவாக. "செருப்பு எங்கீங்க?"

காளிச்சாமி குனிந்து பார்த்தார். வெறுங்கால். திரும்பிப் பார்த்தால் செருப்பு இரண்டும் வாசலில் ஜோடியாக இருந்தன. எப்போது கழற்றினார் என்பது அவருக்கே தெரியாது. சாமியையே பாதி நம்பாத மனுஷன், மோட்டாரைச் சுத்தமாக நம்பாத மனுஷன், கால் மட்டும் யாரைக் கேட்டு இந்த வேலையைச் செய்தது?

"போட்டுட்டு வர ஒப்பல" என்றார் கோபமாக. "பூவும் பொட்டும் வெச்சுப்போட்டு அதுக்கு முன்னால செருப்போட நில்லுன்னா, எந்தக் காலு நிக்கும்?"

மகன் வாசலில் இருந்த செருப்பையே பார்த்தான். அதற்குப் பிறகு ஊரில் யாரிடமும் செருப்பைப் பற்றி அவன் பேசவில்லை. காளிச்சாமி அதைத் தோல்வி என்றுதான் எடுத்துக்கொண்டார்.

அன்று பொழுது விழுந்ததும் ராசாத்தாள் வழக்கம்போல மணையை எடுத்துப் போட்டாள். மலைவேம்புப் பலகை. அவர்கள் கல்யாணத்துக்குச் செய்தது. அதில் உட்காராமல் காளிச்சாமிக்குச் சோறு இறங்காது. பக்கத்தில் வெறுந்தரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பிதுரை மணையையும் அதன் மேல் சம்மணம் போட்டிருந்த அப்பாவின் காலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏனுங்கப்பா, மணை மேல செருப்போட ஏறலாங்களா?"

"எவனாவது ஏறுவானா? உனக்கு மூளை கீளை கெட்டுப்போச்சா?"

"ஏறக்கூடாதுங்க" என்றான் பையன். பிறகு களியை எடுத்து முழுங்கத் தொடங்கினான். இன்னொரு உருண்டை வேண்டும் என்று கேட்டான். தோற்றுப்போனவனுக்கு இப்படிப் பசிக்குமா என்று காளிச்சாமிக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் அவருக்குச் சந்தேகம் வராத நாள் எது?

இரண்டொரு நாள் கழித்து, மத்தியானம் வெயிலில் வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்காரப் போனால் மணையைக் காணோம். ராசாத்தாள் தரையில் இலையைப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி அடுப்படிக்குள் போனாள். கேட்டதற்கு, தம்பி எடுத்துக்கொண்டு போனான் என்றாள்.

"மணைய எடுத்துட்டு எங்க போனான்? எவன் அவனுக்குப் பொண்ணு குடுத்தான்?"

பாப்பாயி தோட்டத்துக்கு என்று பதில் வந்தது. இன்று ஒருநாள் தரையில் உட்கார்ந்து சாப்பிடும்படி அவள் சொன்னாள். தரையில் உட்கார்ந்தால் சோறு இறங்காது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். உருமாலைத் தலையில் சுற்றிக்கொண்டு காளிச்சாமி கிளம்பிவிட்டார். இலையில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

வழியெல்லாம் மனசுக்குள் பேசிக்கொண்டு போனார். மகன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியதை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டார். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் வந்ததும் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. பாப்பாயியின் குரல். எதிரே நிற்பது லட்சுமணசாமி நாயுடு. அவரும் மோட்டார் வைக்கப் போகிறாராம், ஓட்டிப் பார்க்க வந்திருக்கிறார். வாய்க்காலில் முகம் கழுவிய ஈரம் காயாத கையோடு சுவிச்சுக்கு நேராகப் போனவரைப் பாப்பாயி குறுக்கே நின்று மறித்திருந்தாள்.

"கையத் தொடைங்க நாயுடு. நல்லாத் தொடைச்சுப்போட்டு மணை ஏறுங்க. மணை ஏறாம கை வெக்கக்கூடாதுங்க."

"ஏம்மா, ஒரு ஆபீசையே நடத்தறவன் நான். ஒரு சுவிச்சைத் தட்ட எனக்குத் தெரியாதா?"

"ஆபீசுல நாற்காலியில உக்காருங்க. யாரு வேண்டாங்கறாங்க? இங்க மணை மேல நில்லுங்க."

நாயுடு மேல்துண்டால் கையைத் துடைத்தார். சுவிச்சுக்கு முன்னால் போட்டிருந்த மணையில் குழந்தை மாதிரி ஒவ்வொரு காலாக வைத்து ஏறினார். கைப்பிடியை இழுத்தார். மோட்டார் உறுமிற்று. வெளியே தொட்டியில் தண்ணீர் குபுகுபுவென்று விழுந்தது. ஆபீசை நடத்துகிறவர் பல் முழுசும் தெரியச் சிரித்தார்.

காளிச்சாமி பார்த்தது சிரிப்பை இல்லை, மணையை. நாலு மூலையிலும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நடுவில் கோலம்கூடப் போட்டிருந்தது. அந்த உலர்ந்த மரத்தின் மேல் நாயுடுவின் ஈரப் பாதம் இரண்டும் நின்றன.

"அது எம்பட மணை" என்றார்.

பாப்பாயி திரும்பினாள். "வாங்க மாமா. இப்ப அது உங்க மணை இல்லீங்க. பூச பண்ணியாச்சு. பூச பண்ணுனதை எடுத்துட்டுப் போயி அது மேல உக்காந்து களி திம்பீங்களா?"

இதற்குப் பதில் அவர் அடுக்கி வைத்திருந்த வரிசையில் இல்லை. தம்பிதுரை எங்கே என்று கேட்டார். காலையிலேயே சூலூர்ப் பக்கம் போய்விட்டானாம், அங்கே ஒரு கிணற்றில் புது மோட்டார். காளிச்சாமி நம்பவில்லை. மோட்டார் ரூமைச் சுற்றி ஒரு நடை போய்ப் பார்த்தார். கிணற்று மேட்டின் மறுபக்கம் எட்டிப் பார்த்தார். சோளத்தட்டுப் போருக்குப் பின்னாலும் பார்த்தார். ஒரு பூனைதான் இருந்தது.

திரும்பி வந்தபோது பாப்பாயி வாசலிலேயே நின்றிருந்தாள். என்ன தேடுகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. தானாகவே சொன்னாள்.

"செருப்புப் போடுங்கன்னு தம்பி எத்தனயோ சொன்னானுங்க மாமா. எனக்கும் போடோணும்னுதான். வாசக்கிட்ட வந்தா கால் ஒப்பலீங்க. இன்னிக்கு விடிஞ்சதும் மணையத் தூக்கிட்டு வந்து, 'அத்த, செருப்ப வெளியவே உடுங்க, நீங்க சொல்றதுதான் சரி, சாமி முன்னால நிக்கறவங்க மணை மேல நில்லுங்க'ன்னான். அதத்தான மொதல்லயே சொல்லியிருக்கோணும்? மணை போட்டா ஏறாம எப்படீங்க?"

"அவன் இல்லாதப்பவும் ஏறறயா?"

"அவன் எதுக்குங்க இருக்கோணும்? மணை இருக்குதே."

காளிச்சாமி தாடையைத் தடவிக்கொண்டார். கண்ணால் பார்த்தாகிவிட்டது. ஏறச் சொன்னவள் ஒருத்தி, ஏறினவர் ஒருத்தர், ஒன்றுக்கு இரண்டு பேர். அதிலே ஒருத்தர் நாற்காலிக்காரரே. இதில் எங்காவது ஒரு ஓட்டை இருக்கிறதா என்று அவர் யோசித்துப் பார்த்தார். அகப்படவில்லை.

"சூலூருக்குக் கொண்டுபோக இன்னொரு மணைக்கு எங்க போனான்?" என்றார் கடைசியாக.

பாப்பாயி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். "கல்யாணத்துக்கு ரெண்டு மணை செஞ்சிருப்பீங்களே மாமா. அக்காவோடது அடுக்குப் பானைக்குப் பின்னால சும்மா கெடந்துதாமா. அக்காளே தொடைச்சுக் குடுத்தாங்களாமா."

அப்படியானால் ராசாத்தாளும் கூட்டு. அடுப்படிக்குள் போனவள் ஏன் திரும்பிப் பார்க்காமல் போனாள் என்பது இப்போது விளங்கிற்று.

நாயுடு மணையை விட்டு இறங்கி வந்து, பையன் பூஜை கழிந்ததும் வந்துவிடுவான் இல்லையா, நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன் என்றார். காளிச்சாமிக்கு அந்த நாற்காலி ஒருதரம் கண்முன்னால் வந்து போயிற்று. காற்றாடியும் வந்து போயிற்று. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான்.

"அத வேற யாருக்காவது குடுத்துருங்க நாயுடு."

"ஏன் கவுண்டரே? என்ன குறை?"

"கொற ஒண்ணுமில்ல." வேப்பங்காயைக் கடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். "அவனுக்கு இதுதான் பிடிச்சிருக்குதாமா."

நாயுடு கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தார். நாயுடுவோ, அதுவும் சரிதான், நம்ம மோட்டார் வரும்போது தம்பியை அனுப்பி வையுங்கள் என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை சுவிச்சை நிறுத்திப் போட்டுப் பார்க்க உள்ளே போனார்.

"தம்பி எதுக்குங்க?" என்றாள் பாப்பாயி பின்னாலேயே. "நானே வந்து சொல்லித் தாரேன். மணை மட்டும் நல்லாக் காஞ்ச பலகையாப் பாத்து வெச்சிருங்க. மொதல்ல கையத் தொடைங்க, தொட்டித் தண்ணியில மறுபடி நனைச்சுட்டீங்களே."

பிறகு காளிச்சாமியையும் கூப்பிட்டாள். ஒருதரம் ஏறிப் பாருங்கள் மாமா, உங்கள் மணைதானே என்றாள். அவர் மறுக்கவில்லை. நாயுடு இறங்கிய பிறகு ஏறினார். செருப்பு இந்தத் தடவையும் வாசலில்தான் கிடந்தது. மலைவேம்பு காலுக்கு அடியில் பழகினதாக இருந்தது. சுவிச்சுக் கைப்பிடி கைக்கு எட்டுகிற தூரம். மோட்டார் அவர் முகத்துக்கு எதிரே பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அதை நன்றாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியே இறங்கிவிட்டார்.

"கை வெக்கலீங்களா மாமா?"

"மணை ஏறாம கை வெக்கக்கூடாதுன்னுதான சொன்ன? ஏறுனவன் கை வெச்சே தீரோணும்னு யாரு சொன்னா?"

செருப்பை மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் நடந்தார். தண்ணீர் அவருக்குப் பக்கத்திலேயே, அவருக்குக் கொஞ்சம் முன்னால், பருத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. நல்ல தண்ணீர்தான். இன்றைக்கு வருகிறது. நாளைக்கும் வருமா என்பதை நாளைக்கு அல்லவா பார்க்க வேண்டும்? நாயுடு ஒருத்தர் சிரித்துவிட்டால் ஆயிற்றா? பையன் இப்போது ஊருக்கெல்லாம் மணை சுமக்கிறான், சரி. தைத்த கோட்டை யார் போடுவது? தண்ணீர் எடுத்துவிடுகிற வேலைக்கு அதைப் போட்டுக்கொண்டு போகிறேன் என்பான், அதையும் செய்யக்கூடியவன்தான். அந்த நினைப்பில் அவர் உதடு கொஞ்சம் கோணியது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு அதை அப்படியே விட்டார்.

வயிறு பசித்தது. வீட்டில் தரையில்தான் உட்கார வேண்டும். அந்தப் பலகை மேலே நின்றால் ஆபத்து அண்டாதாம். அண்டாதென்றால் கல்யாணத்தன்றைக்கு அதே பலகையில்தானே உட்கார்ந்திருந்தார், அன்றைக்கு ஏன் தடுக்கவில்லை? இதை ராசாத்தாளிடம் கேட்டே தீருவது என்று வேகமாக நடந்தார். பின்னால் மோட்டார் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.